வாடகை ரூபா இருபத்தைந்து

சட்டத்தரணி கேட்டது ஒன்றே ஒன்று:
பத்து வருசத்துக்கு மேலாக, ஒருவரும் தடுக்காமல்,
உங்கள் கழகம் இந்த மண்ணை ஆண்டதற்கு
எழுத்தில் என்ன இருக்கு?

கிண்ணங்கள் இருக்கு என்றார் தலைவர்.
கிண்ணத்தை நீதவான் வாசிக்க மாட்டார் என்றார் அவர்.

ஆகவே பொருளாளராகிய நான் அலுமாரியைத் திறந்தேன்.
தம்பிலுவில் வெண்சங்கு விளையாட்டுக் கழகம்,
வரவு செலவு, நான்கு கொப்பிகள்.
முதலாவதைக் கரையான் பாதி வாசித்து முடித்திருந்தது.

சுண்ணாம்பு ஆறு கிலோ.
கோல் கம்பத்துக்குக் கமுகு, நான்கு.
மத்தியஸ்தருக்கு நூற்றைம்பது,
அவருடைய சோடாவுக்குத் தனியாக.
அக்கரைப்பற்றுக்குப் போன லொறிக்கு டீசல்:
ஆளுக்குப் பத்து ரூபா வரவேண்டியது.
ஐந்து கோலால் தோற்றுத் திரும்பினோம்,
இன்றுவரை அது
வரவேண்டியதாகவே நிற்கிறது.

பிறகும் சுண்ணாம்பு. பிறகும் சுண்ணாம்பு.
ஊரடங்கு மாதங்களில் மட்டும் வெறும் கோடு.
சட்டத்தரணியின் கண்ணில் வெளிச்சம்.
வேலி போட்டவனை விடு,
வருசா வருசம் வெள்ளைக்கோடு போட்டவனைக் காட்டு,
நான் பேசுகிறேன், என்றார்.

இரண்டாயிரத்து ஐந்து, தை முதல் ஆனி வரை:
ஆட்டம் இல்லை. கூடாரம் நூற்றுப் பதினாறு.
வெளிநாட்டு நிறுவனம் மைதானத்துக்குத் தந்த வாடகை
நாற்பதாயிரம்.
அது அடுத்த பக்கத்தில்
அரிசி, பால்மா, மூன்று தையல் மெசின் என்று
செலவாகிப் போயிருந்தது. பந்து ஒன்றுகூட வாங்கவில்லை.
அருமை, என்றார். வாடகை வாங்கினவன் சொந்தக்காரன்.

அதே வாயால்தான் அவர்
இரண்டாம் கொப்பியின் நாற்பத்தோராம் பக்கத்தையும் வாசித்தார்.
ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, ஆவணி.
நேசப்பிள்ளைக்கு வளவு வாடகை, ரூபா இருபத்தைந்து.
புரட்டாதி, இருபத்தைந்து.
ஐப்பசி, இருபத்தைந்து.

வாடகை கொடுத்தவன் குடியிருப்பவன்.
மின்விசிறி சுற்றியது. ஒருவரும் பேசவில்லை.
நேசப்பிள்ளையின் சீதன உறுதியோடு
எதிர்ப்பக்கம் நிற்பவர் அவருடைய மருமகன் சிவகடாட்சம்.
இரண்டு பேருக்கும் நடுவில் பிரதேச சபை,
கோணர் கொடி நிற்கும் இடத்தில்
பெயர்ப்பலகை நட்டு வைத்திருக்கிறது.

அந்தக் கையெழுத்து யோகநாயகத்துடையது.
அப்போது கோல்காப்பாளர், இப்போது ஸ்காபரோவில் பேக்கரி.
இரவு பதினொன்றுக்கு அழைத்தேன்; அவனுக்கு மத்தியானம்.

'டேய், அது வாடகையா? புருசனைக் கொண்டுபோய்
ஒரு வருசம் கழிஞ்சிருந்த நேரம்.
சும்மா குடுத்தா மனுசி வாங்காதுடா.
வளவுக்கு வாடகை எண்டு சொன்னம், வாங்கிச்சு.
அந்த வளவில எங்கட மைதானம்
ஒரு மூலைகூட இல்லை, அது அங்கால, பனையடியில.'

பனை இப்போது இல்லை. அலை கொண்டுபோனது.
எது அங்கால், எது இங்கால் என்று
நில அளவையாளரின் சங்கிலிக்கும் தெரியவில்லை.

போனை வைத்தபின் வரவுப் பக்கத்தைப் பார்த்தேன்.
அதே ஆவணி.
நேசப்பிள்ளை, அன்பளிப்பு, பந்துக்குக் காற்றடிக்க,
ரூபா ஐந்து.
புரட்டாதி, ஐந்து.
ஐப்பசி, ஐந்து.

தலைவர் மெல்லச் சொன்னார்: ஒரு தாள்தானே.
கரையான் தின்றது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்?
அந்தத் தாளைக் கிழித்தால்
பின்பக்கத்துச் சுண்ணாம்பும் போகும்,
அந்த ஐந்து ரூபாவும் போகும்.
பிழையென்றால் ஒற்றைக் கோட்டால் வெட்டவேண்டும்,
கீழே உள்ளது வாசிக்கத் தெரியவேண்டும்,
கணக்காய்வு படிப்பித்தது அவ்வளவுதான்.

இது பிழையுமில்லை.

வழக்குத் தவணை பதினெட்டாம் திகதி.
கொப்பிகள் நான்கும் பையில் இருக்கின்றன.
சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சுண்ணாம்பு வாங்கினேன்,
ஆறு கிலோ. கடைக்காரன் துண்டு தரவில்லை.
திரும்பிப் போய்க் கேட்டு வாங்கினேன்.